சென்சார் 28 என்கிறது, சரி, தண்ணீர் கட்டவா வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், மண்ணின் ஈரத்தை அளந்து செல்போனுக்கு அனுப்பும் சென்சார் வைத்து விவசாயம் செய்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்லாத்தான் இருந்தது, ஆனால் கருவியை நட்டுவிட்டால் மகசூல் தானாகக் கூடிவிடும் என்பதுபோல் எழுதியிருந்ததுதான் இடித்தது. ஈரோடு மாவட்டத்தில் மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருக்கிறேன், இரண்டு வருடம் முன்பு நானும் ஒரு கம்பெனியிடம் இதை வாங்கிப் பட்டவன், அதனால் எழுதுகிறேன்.

பொருத்த வந்த பையன் கடப்பாரையால் அகலமாகக் குழி போட்டு, சென்சாரைச் செருகி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் ஒரு மாதம் செல்போனில் 'ஈரம் 11 சதவீதம், உடனே நீர் பாய்ச்சவும்' என்றே வந்தது. நானும் மும்முனை கரண்ட் வரும்போதெல்லாம் மோட்டாரைப் போட்டேன். காட்டில் கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்குகிறது, போன் மட்டும் காய்கிறது என்கிறது! தோண்டிப் பார்த்தால் கம்பியைச் சுற்றி மண்ணே ஒட்டவில்லை, அது பாதிக் காற்றைத்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறது. அதற்குள் போட்ட யூரியா தண்ணீரோடு வேருக்குக் கீழே போய்விட்டது.

சரி, ஒழுங்காகப் பதித்தாயிற்று. இப்போது 28 சதவீதம் என்கிறது. மணல் கலந்த செம்மண்ணில் 28 என்றால் மண் பிடித்து வைக்கக்கூடியதைவிட அதிகம், வடிய வேண்டிய தண்ணீர். களி கூடின கரிசலிலோ அதே 28-ல் பயிர் வாடும் நிலைக்குப் பக்கத்தில் நிற்கும். என் நிலத்தில் மேட்டுப் பக்கம் செம்மண், ஓடைப் பக்கம் கரிசல். கம்பெனியின் செல்போன் ஆப்பில், ஈரம் இதற்குக் கீழே இறங்கினால் தண்ணீர் கட்டு என்று இரண்டுக்கும் ஒரே கோடுதான் போட்டு வைத்திருந்தார்கள்.

இப்போது நான் கையில் வைத்திருப்பது கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி. கம்பியை மண்ணில் குத்தி பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும்: நீலம் என்றால் ஈரம் தாராளம், பச்சை போதும், ஆரஞ்சு வந்தால் தண்ணீர் கட்டலாம், சிவப்பு என்றால் உடனே கட்டு. இன்டர்நெட், சந்தா எதுவும் கிடையாது. மேட்டில் ஒரு குத்து, ஓடைப் பக்கம் ஒரு குத்து, வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஓடைப் பக்கம் வாரம் ஒருமுறை கட்டிய தண்ணீரை இப்போது பத்து நாளைக்கு ஒருமுறைதான் கட்டுகிறேன். உண்மையைச் சொன்னால் மகசூல் பெரிதாக ஏறவில்லை, குறையவும் இல்லை. கரண்ட் இலவசம்தானே, ஓடட்டும் என்று விடுகிற பழக்கம் எனக்கும் இருந்தது. போர்வெல் தண்ணீர் தீர்கிற பொருள் என்பது மே மாதம்தான் உறைக்கும்.

சென்சார் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்கள் கிடைக்காத இந்தக் காலத்தில், வீட்டிலிருந்தே காட்டைப் பார்க்க முடிந்தால் நல்லதுதான். ஆனால் நம் மண் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், எந்த அளவில் பயிர் வாடும் என்ற இரண்டு எண்கள் இல்லாமல் ஆப் காட்டும் ஈர அளவை மட்டும் வைத்து என்ன செய்வது? மண்ணைப் பரிசோதித்து அரசு கொடுக்கும் மண்வள அட்டையில் தழைச்சத்து, மணிச்சத்திலிருந்து போரான் வரை 12 விவரம் இருக்கிறது, இந்த இரண்டும் இல்லை. மண் மாதிரி எப்படியும் எடுக்கிறார்கள், இதையும் சேர்த்துப் பார்த்து எழுதிக் கொடுக்க வேளாண் துறை ஏற்பாடு செய்யலாமே. அடுத்த முறை உங்கள் நிருபர் சென்சார் விற்பவர்களைச் சந்தித்தால், எந்த மண்ணில் வைத்து அளவு சரிபார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி,
பவானி வட்டம், ஈரோடு மாவட்டம்