சிரித்தால் கால் தளர்கிறதா என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பகல் தூக்கத்தைப் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரவில் நேரத்தோடு படுங்கள், கைபேசியைத் தள்ளி வையுங்கள், குறட்டை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று எழுதியிருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சரி. ஆனால் இரவு முழுக்கத் தூங்கி எழுந்தும், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிப்போகிறவர்கள் இருக்கிறோம். எங்களுக்கு இருப்பது நார்கோலெப்சி என்ற நரம்பு நோய். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இது பள்ளி நாட்களிலேயே தொடங்கியது. நிறைய பேருக்கு அந்த வயதில்தான் தொடங்கும். வகுப்பில் பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். பாதிப் பக்கத்தில் எழுத்து சரியும், அப்புறம் வெறும் கோடாக இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் நிற்கும். கை எழுதிக்கொண்டிருக்கும், நான் தூங்கியிருப்பேன். சோம்பேறி, அக்கறை இல்லாதவள் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

கொஞ்ச காலம் கழித்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தோழி ஏதாவது வேடிக்கையாகச் சொல்வாள், வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பிப்பேன். முதலில் தாடை தொங்கும், வார்த்தை குழறும். தலை முன்னால் சாயும். முழங்கால் மடங்கி அப்படியே தரையில் சரிந்துவிடுவேன். இதுதான் கேட்டப்ளெக்சி. பார்க்கிறவர்களுக்கு மயக்கம் போலத் தெரியும். ஆனால் எனக்கு நினைவு கொஞ்சமும் தப்பாது. "மூச்சு இருக்கா பாரு" என்று ஒருவர் பதறுவதும் இன்னொருவர் ஓடுகிற சத்தமும் தெளிவாகக் கேட்கும். ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரு விரலையாவது அசைத்துவிடலாம் என்று பார்ப்பேன், அசையாது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் தானாகத் திரும்பிவிடும். எல்லோருக்கும் இவ்வளவு கடுமையாக வருவதில்லை. சிலருக்குக் கையில் இருப்பது நழுவும், அல்லது முகம் மட்டும் தொய்ந்துபோகும், அவ்வளவுதான்.

வலிப்பு என்று முடிவு செய்து பல வருடம் எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டேனா, சிறுநீர் போனதா என்றெல்லாம் கேட்டார்கள். எப்போது விழுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. தூக்கத்துக்கும் விழுவதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்கள் வீட்டிலும் யாருக்கும் தோன்றாததால் நாங்களாகவும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு நரம்பியல் டாக்டர்தான், "சிரிக்கும்போது கால் தளருகிறதா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி அத்தனை வருடம் தள்ளி வந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் பல்லாயிரம் செல்கள் ஹைப்போகிரெட்டின் என்ற பொருளைச் சுரக்கின்றன. ஓரெக்ஸின் என்றும் அதற்குப் பெயர் உண்டு. 1998-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தன. விழிப்பை விழிப்பாகவும் கனவுத் தூக்கத்தை அதற்குரிய நேரத்திலும் வைத்திருப்பது அதன் வேலை. இந்த நோய் உள்ளவர்கள் இறந்த பிறகு அவர்களுடைய மூளையைச் சோதித்ததில், அந்தச் செல்களில் பெரும்பாலானவை அழிந்துபோயிருந்தது 2000-இல் தெரியவந்தது. கனவு காணும்போது நாம் எழுந்து ஓடாமல் இருக்க மூளை தசைகளை அணைத்து வைக்கிறது. எங்களுக்கு அந்த ஸ்விட்ச் விழித்திருக்கும்போதே, அதுவும் சந்தோஷமான நேரம் பார்த்து, அணைந்துவிடுகிறது. தூங்கி எழும்போது உடம்பு அசையாமல் யாரோ அமுக்குவது போல இருப்பதும், தூக்கம் பிடிக்கும் நேரத்தில் இல்லாத உருவங்கள் தெரிவதும் இதே கோளாறால்தான். செல்கள் அழிவதற்கு உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் வலுவான சந்தேகம். மனநோய் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை.

உறுதி செய்யச் சோதனை இருக்கிறது. தலைமுடிக்குள் பசை வைத்து வயர்களை ஒட்டி ஓர் இரவு தூங்க வைப்பார்கள். மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கைந்து தடவை குட்டித் தூக்கம் போடச் சொல்வார்கள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கி, குறைந்தது இரண்டு தடவை உடனே கனவுத் தூக்கத்துக்குள் போனால் நார்கோலெப்சி என்று சொல்வார்கள். மற்றவர்களுக்குக் கனவுத் தூக்கம் வர ஏறக்குறைய 90 நிமிடம் ஆகும். சில மாத்திரைகள் இந்த முடிவையே மாற்றிவிடும் என்பதால், என்னென்ன சாப்பிடுகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் மொடாஃபினில் பகலில் விழித்திருக்க உதவுகிறது. விழுவதைக் குறைக்க வென்லாஃபாக்ஸின், பிடோலிசன்ட், சோடியம் ஆக்ஸிபேட் போன்றவை இருக்கின்றன. எது யாருக்கு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வென்லாஃபாக்ஸினை நாமாகத் திடீரென்று நிறுத்தினால் கேட்டப்ளெக்சி அடுத்தடுத்து வந்து ஆளைப் படுக்க வைத்துவிடும். மொடாஃபினில் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். பெண்களிடம் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், பல நேரம் சொல்வதில்லை.

ஆசிரியர்களிடமும் மேலாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். நோய் உறுதியானவர்களுக்குப் பகலில் 20 நிமிடம் தூங்க ஓர் இடம் கொடுங்கள். எழுந்த பிறகு நாங்கள் நன்றாகவே வேலை செய்வோம். உங்கள் முன்னால் யாராவது இப்படிச் சரிந்தால் தலை அடிபடாமல் தாங்கிக்கொள்ளுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருங்கள். நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி