அப்பாவின் பாக்கெட் டைரி

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்த தானம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்ததும், போன மாதம் மறைந்த அப்பாதான் நினைவுக்கு வந்தார். அவருக்கு ஓ நெகட்டிவ். அவசரத்துக்கு அந்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றலாம். அந்த வகைக்காரருக்கோ ஓ நெகட்டிவ் மட்டுமே சேரும். அதனால் நள்ளிரவில் போன் வந்தாலும் கிளம்பிவிடுவார். அம்மாவின் முணுமுணுப்பு தனிக்கதை!

கொடுத்த தேதிகளை ஒரு பாக்கெட் டைரியில் குறித்து வைத்திருந்தார். அதே பக்கத்தில் பேத்திக்கு முதல் பல் விழுந்த தேதியும் இருக்கிறது. ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் பிறந்த ஜூன் 14-ஐ, உலகக் குருதிக் கொடையாளர் தினத்தை, வட்டமிட்டிருக்கிறார். வயதாகிவிட்டது, போதும் என்று திருப்பி அனுப்பிய அன்று பேத்தியிடம்தான் புலம்பினார். 18 வயதாக அவளுக்கு இன்னும் நான்கு வருடம். டைரி இப்போது அவளிடம் இருக்கிறது.

- ஒரு வாசகர்