என்சைம் வேகத்தைத்தான் கூட்டும், திசையை இல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க அறிவியல் பக்கத்துல என்சைம் (உடம்புல வேதிவினைகள வேகப்படுத்துற புரதம்) பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நடுவுல "என்சைம் சேர்ந்தா மீள் வினை முன்பக்கமா தள்ளப்பட்டு விளைபொருள் அதிகமா கிடைக்கும்"னு ஒரு வரி வந்துச்சே, அது தப்பு சார். (மீள் வினைன்னா முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு பக்கமும் நடக்கக்கூடிய வினை.) நான் பிளஸ் டூ பசங்களுக்கு டியூஷன் எடுக்குறேன், நீட்டுக்குப் படிக்கிற புள்ளைங்க இத மனசுல ஏத்திக்கிட்டா மார்க் போயிடும், அதான் எழுதுறேன்.

என்சைம் கிளர்வு ஆற்றல, அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் மேட்ட, குறைக்குது, அவ்வளவுதான். மலையைக் குடைஞ்சு சுரங்கம் போட்டா போற வண்டி வர்ற வண்டி ரெண்டுக்குமே நேரம் மிச்சம்ல, அப்படி. அஞ்சு நிமிஷத்துல எட்டிப் பாத்தா என்சைம் போட்ட டியூப்ல விளைபொருள் கூட இருக்கும், ஒத்துக்கறேன், ஆனா பொறுத்துப் பாத்தா போடாத டியூப்பும் அதே அளவுலதான் வந்து நிக்கும். சமநிலை மாறிலி, அதாவது கடைசில விளைபொருளும் மூலப்பொருளும் எந்த விகிதத்துல நிக்கும்னு சொல்ற எண், அசையவே அசையாது.

நம்ம ரத்தத்தையே எடுத்துக்கங்க. சிவப்பணுக்குள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ்னு ஒன்னு இருக்கு, 1933ல கேம்பிரிட்ஜ்ல மெல்ட்ரமும் ரஃப்டனும் கண்டுபிடிச்சது. தசைப் பக்கம் கார்பன் டை ஆக்சைடு நிறைய, அதனால அங்க அது தண்ணியோட சேந்து பைகார்பனேட் ஆகுது, அதே ரத்தம் நுரையீரலுக்கு வந்தா மூச்சுல கேஸ் வெளிய போயிட்டே இருக்கறதால, அதே என்சைம் அதே பைகார்பனேட்ட திருப்பி கேஸா மாத்தி விடுது. எந்தப் பக்கம் சரக்கு தேங்குதோ அதுதான் திசைய முடிவு பண்ணுது, என்சைம் இல்ல. என்சைமோட வேலை வேகம், ஒரு மூலக்கூறு செகண்டுக்கு சுமார் பத்து லட்சம் தடவை வேலை பாக்கும், ரத்தம் நுரையீரல் தந்துகிய ஒரு செகண்டுக்குள்ள கடந்துடுதே, அதுக்குள்ள முடிக்கணும்ல. (லடாக் போறவங்களுக்கு மலை உச்சி நோய் வராம இருக்க டாக்டர் எழுதித் தர்ற டயாமாக்ஸ் மாத்திரை இந்த என்சைமத்தான் தடுக்குது, அத போட்டுட்டு சோடா குடிச்சா சுர்ருன்னு ஏறாது, சப்புன்னு இருக்கும், ஏன்னா நாக்குலயும் இதே என்சைம் இருக்கு.)

இன்னும் சந்தேகம்னா அமெரிக்காவுல கோலாவுக்குப் போடுற மக்காச்சோள சிரப்ப பாருங்க. குளுக்கோஸ் ஐசோமரேஸ் வச்சு 60 டிகிரி பக்கம் குளுக்கோஸ ஃபிரக்டோஸா மாத்துவாங்க, சமநிலை கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, ஃபேக்டரில 42 சதவீதத்தோட நிறுத்திடுவாங்க. 55 வேணும்னா கூட ரெண்டு கிலோ என்சைம் கொட்டி ஒன்னும் ஆகாது, ஃபிரக்டோஸ தனியா பிரிச்சுக் கலந்துதான் ஆகணும்.

ஒரு பக்கம் மட்டும் வேகப்படுத்துற என்சைம்னு ஒன்னு இருந்தா அத உள்ள போட்டு வெளிய எடுத்தே சும்மா ஆற்றல் கறந்துடலாம், இயற்கை அப்படி ஓசியில எதுவும் தராது. முன் வேகமும் பின் வேகமும் சமநிலை மாறிலியோட எப்படி கட்டுப்பட்டிருக்குன்னு 1930லயே ஹால்டேன்ங்கிற உயிரியல் விஞ்ஞானி சமன்பாடா எழுதிட்டார், பின்னாடி இந்தியக் குடியுரிமை வாங்கி புவனேஸ்வர்ல காலமான அதே ஹால்டேன்தான்.

உடம்புக்குள்ள ஒரே பக்கமா ஓடுற மாதிரி தெரியுறது, அடுத்தடுத்த வினை விளைபொருள எடுத்துட்டே போறதால. உங்க படத்துல ஒத்தை அம்புக்குறி வேற போட்டிருக்கீங்க, திருத்தம் போடும்போது அதையும் ரெண்டு பக்க அம்புக்குறியா மாத்திடுங்க.

– ஒரு டியூஷன் ஆசிரியர், விருதுநகர்