மவுஸ் ஒரு பக்கம், ரிசீவர் ஒரு பக்கம்: ஐந்து வார அலைச்சல் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ரிசீவர் (லேப்டாப்பின் யு.எஸ்.பி. போர்ட்டில் செருகும் சிறு துண்டு) இல்லாமல் மாற்றித் தரப்பட்ட வயர்லெஸ் மவுஸ் தொடர்பாக

ஐயா / அம்மா, வணக்கம்.

இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. மவுஸ் ஓடவில்லை என்றுதான் சொன்னேன்.

அருப்புக்கோட்டையில் சிறு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறேன். டச்பேடில் நாள் முழுக்க டேலி என்ற கணக்கு மென்பொருளில் வேலை பார்த்தால் மணிக்கட்டு வீங்கிவிடுகிறது. அதற்காகத்தான் 1,299 ரூபாய் கொடுத்து உங்கள் மவுஸை வாங்கினேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் அம்புக்குறி நின்று நின்று நகர ஆரம்பித்தது. பேட்டரியை மாற்றியும் பலன் இல்லை.

உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். லேப்டாப்பில் ப்ளூடூத்தைத் திறந்து மவுஸைத் தேடச் சொன்னார்கள். தேடினேன். என் போன் வந்தது, பக்கத்து வீட்டு டிவி வந்தது, மவுஸ் வரவில்லை. 40 நிமிடம் தேடிய பிறகு டப்பாவை எடுத்துப் பார்த்தால், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் யு.எஸ்.பி. ரிசீவர் என்று மட்டும்தான் அச்சிட்டிருக்கிறது. இந்த மாடலில் ப்ளூடூத்தே கிடையாது! அதைச் சொன்னதற்கு உங்கள் ஊழியர், "வீட்டுல படிச்ச பசங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க சார்" என்றார். 22 வருடமாகக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவன் நான். உங்கள் பொருளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. இதில் படிக்காதவர் யார்?

சரி, அதை விடுங்கள். மதுரை சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னீர்கள், போனேன். முதல் தடவை பூட்டியிருந்தது. இரண்டாவது தடவை இரண்டு மணி நேரம் டோக்கனோடு உட்கார வைத்து, பழைய மவுஸை வாங்கிக்கொண்டு புதிது கொடுத்தார்கள். ரிசீவர் எங்கே என்று நானே கேட்டேன். "உங்ககிட்ட இருக்கிறதே போதும்" என்றார் கவுன்டரில் இருந்தவர். நம்பி பஸ் ஏறி வந்து செருகினால், மவுஸ் அசையவே இல்லை. அன்று தேதி 19. மறுநாள் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி, அதாவது மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்கு, தாக்கல் செய்யக் கடைசி நாள். டச்பேடோடு மல்லுக்கட்டியும் ஒரு வாடிக்கையாளருடைய கணக்கு இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. நாளைக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம், என் கையிலிருந்து போனது. பணம் போகட்டும், மூன்று தலைமுறையாக எங்களிடம் கணக்கு வைத்திருக்கும் குடும்பம் அது. இனி என்னை நம்புவார்களா? என் தொழிலையே முடித்துவிட்டீர்கள்.

கடைசியில் எங்கள் தெருக் கம்ப்யூட்டர் கடைத் தம்பி ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டான். இந்த மாடலில் ஒவ்வொரு ரிசீவரும் தன் மவுஸோடு தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்து அனுப்பப்படுகிறதாம். புது மவுஸுக்குப் பழைய ரிசீவர் வேலை செய்யாது. இது எனக்குத் தெரியாமல் இருக்கலாம், தயாரித்த உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொன்றும் சொன்னான். ரிசீவருக்கு ஒட்டினாற்போல் இருக்கும் நீல நிற யு.எஸ்.பி. 3 போர்ட்டில் பேக்கப் ஹார்டு டிஸ்க் செருகியிருந்தேன். அதிலிருந்து கிளம்பும் இரைச்சல் இதே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடுமாம். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைத்திருந்தால் போதும். அப்படியென்றால் என் பழைய மவுஸில் பழுதே இருந்திருக்காது! நன்றாக இருந்ததை வாங்கி வைத்துக்கொண்டு, ஓடாத ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பக்கத்தில் வேறு என்ன செருகியிருக்கிறது என்று உங்கள் ஆட்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பசங்களைக் கேட்கத்தான் நேரம் இருந்தது.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். இந்த மவுஸுக்கு உரிய ரிசீவரைக் கூரியரில் அனுப்புங்கள், அல்லது 1,299 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். பத்து நாளில் எதுவும் நடக்காவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மதுரைக்குக்கூட வர வேண்டியதில்லை. மன உளைச்சலுக்கு மட்டும் 25,000 ரூபாய் கேட்பேன். அந்த நிலைக்குப் போக எனக்கும் விருப்பமில்லை.

பில் நகல், சர்வீஸ் சென்டர் ரசீது இரண்டும் இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் மட்டும் அனுப்பவும். போன் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அருப்புக்கோட்டை

பி.கு.: புது மவுஸோடு கொடுத்த பேட்டரியைச் சுவர்க்கடிகாரத்தில் போட்டிருக்கிறேன். அது ஓடுகிறது. அதைத் திருப்பிக் கேட்காதீர்கள்.