தென்மாவட்டங்களில் ரேங்கிங் டென்னிஸ் போட்டிகள் நடத்தவும் ஆடுகளங்கள் அமைக்கவும் வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் டென்னிஸ் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர்கள்
(பெயர், முகவரி, கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்:
உயர்திரு உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்,
ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம்,
பெரியமேடு, சென்னை – 600 003.

வழி: மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர், திருநெல்வேலி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பொருள்: தென்மாவட்டங்களில் டென்னிஸ் ஆடுகளங்கள் அமைத்தல் – தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்துடன் இணைந்து ரேங்கிங் போட்டிகள் நடத்துதல் – பயணப்படி வழங்குதல் – கோருதல் தொடர்பாக.

வணக்கம். கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறோம். எங்கள் நான்கு மாவட்டங்களில் ஏதாவது ஓர் ஊரில், ஆணையத்தின் இடத்தில், விளக்கு வசதியோடு நான்கு ஹார்டு கோர்ட்டுகள் (கடினத் தரை ஆடுகளங்கள்) வேண்டும். ஆண்டுக்குச் சில வாரங்களாவது அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் ஜூனியர் ரேங்கிங் போட்டிகளை அங்கே நடத்த, தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தோடு ஆணையம் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அதெல்லாம் நடக்கிறவரைக்கும், வெளியூர்ப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பயணப்படி வேண்டும். இவை ஏன் வேண்டும் என்பதைத்தான் கீழே விவரித்திருக்கிறோம்.

டென்னிஸில் பிள்ளைகள் மேலே ஏறும் வழி கபடி, கால்பந்து போல இல்லை. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் போட்டிகளிலும் டென்னிஸ் உண்டு, ஆனால் ஒரு பிள்ளையின் இடத்தை முடிவு செய்வது தேசிய ரேங்க்தான். அகில இந்தியச் சங்கத்தில் பதிவு செய்து ஓர் எண் வாங்க வேண்டும். அப்புறம் 12, 14, 16, 18 வயதுப் பிரிவுகளில் போட்டிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். டேலண்ட் சீரிஸ், சாம்பியன்ஷிப் சீரிஸ், சூப்பர் சீரிஸ், நேஷனல் சீரிஸ் என்று போட்டிகளுக்குப் படிநிலை இருக்கிறது. மேல்படிப் போட்டியில் இடம் கிடைக்க ரேங்க் வேண்டும். ரேங்க் வர, கீழ்ப்படிப் போட்டிகளில் புள்ளி சேர்க்க வேண்டும். அந்தக் கீழ்ப்படிப் போட்டிகள் கோர்ட்டும் ஆளும் இருக்கிற ஊரில்தான் நடக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் சென்னை, கோவை. மதுரை, திருச்சி பக்கம் சில வரும். அதற்குத் தெற்கே அபூர்வம்.

இதற்காக நாங்கள் மாநிலச் சங்கத்தைக் குறை சொல்ல வரவில்லை. சங்கம் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்தால், இதைச் சங்கம் தனியாகச் செய்ய முடியாது என்பது புரியும். 1920-இல் தொடங்கிய அகில இந்தியச் சங்கத்தின் கீழ் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சங்கம். மாநிலச் சங்கத்தின் கீழ் கிளப்புகளும் மாவட்டச் சங்கங்களும். தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு எல்லாம் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பவை. நம் மாநிலச் சங்கத்துக்கு 2022-இல் முன்னாள் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் தலைவராகத் தேர்வானார். போட்டிக்கு அனுமதி வாங்குவது, ரெஃப்ரீயையும் அம்பயர்களையும் ஏற்பாடு செய்வது, மாநில அணியைத் தேர்ந்தெடுப்பது, சென்னையில் கிளப்புகளுக்கு இடையே டிவிஷன் லீக் நடத்துவது ஆகியவை சங்கத்தின் வேலைகள். தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடிய பிள்ளைக்கு, பின்னால் அரசு வேலை விளையாட்டு ஒதுக்கீட்டில் தேவைப்படும் படிவம் 2 சான்றிதழில் கையெழுத்திடுவதும் மாநிலச் சங்கத்தின் செயலாளர்தான்.

ஆக, போட்டி நடத்தத் தெரிந்தவர்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். சங்கத்திடம் இல்லாதது நிலம். நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கமே அரசு கட்டியது, ஆணையத்துக்குச் சொந்தமானது. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுந்த அந்த அரங்கத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்கள் சர்வதேசப் போட்டியான சென்னை ஓபன் நடந்தது. 2022-இலும் 2025-இலும் பெண்களுக்கான சர்வதேசப் போட்டியான டபிள்யூடிஏ 250 அதே இடத்தில் நடந்தது. அரசு இடம் கொடுத்தது, சங்கம் ஆட்டத்தை நடத்தியது. இந்த ஏற்பாட்டை, அந்த அளவில் இல்லாவிட்டாலும் சிறிய அளவிலாவது, தெற்கே ஓரிடத்தில் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம். புதிய கொள்கை எதுவும் இதற்குத் தேவையில்லை.

இப்போது நடைமுறையில் என்ன ஆகிறது என்று சொல்கிறோம். சென்னையில் 14 வயதுப் பிரிவுப் போட்டி என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக வார இறுதியில் தகுதிச் சுற்று, திங்கட்கிழமையிலிருந்து முதன்மைச் சுற்று. வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து காலையில் எழும்பூரில் இறங்க வேண்டும். பெட்டியை லாட்ஜில் போட்டுவிட்டு, ராத்திரி சரியாகத் தூங்காத பிள்ளை நேராகக் கோர்ட்டுக்குப் போகும். எதிரே நிற்கிற பிள்ளை அண்ணா நகரிலிருந்து வீட்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கும். இதில் கோர்ட்டுக்கு வெளியே ஒரு சங்கடமும் உண்டு. திரும்புவதற்கு டிக்கெட் போட முடியாது. எந்தச் சுற்றில் தோற்போம் என்று யாருக்குத் தெரியும்? சனிக்கிழமை காலையே தோற்றால் அன்றிரவே கிளம்பலாம், வென்றால் இன்னும் நாலு நாள் தங்க வேண்டும். அதனால் தட்கல், இல்லையென்றால் பஸ், அதுவும் இல்லையென்றால் அன்ரிசர்வ்டு. சின்னப் பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது, ஆகவே அப்பாவோ அம்மாவோ வேலையை விட்டுவிட்டுக் கூடப் போக வேண்டும். இந்த மனுவை எழுதும் என் வீட்டில், மகளோடு மாறி மாறிப் போவது நானும் என் மனைவியும். நான் கடை வைத்திருக்கிறேன், ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடலாம். சம்பளத்துக்குப் போகிறவர்களுக்கு அதுவும் முடியாது.

ரேங்க் கணக்கில் ஒரு நுணுக்கம் இருப்பதால் இந்தத் தூரம் இன்னும் பெரிதாகிவிடுகிறது. ஓராண்டில் ஆடிய எல்லாப் போட்டிகளின் புள்ளிகளையும் கூட்டுவதில்லை, சிறந்த சில முடிவுகளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். விதியாகப் பார்த்தால் நல்ல விதி. ஆனால் உள்ளூரிலேயே மாதம் ஒன்றிரண்டு ஆடுகிற பிள்ளைக்கு, காய்ச்சலில் தோற்ற வாரம், முதல் சுற்றிலேயே டாப் சீடிடம் (போட்டியின் முதல்நிலை ஆட்டக்காரரிடம்) மாட்டிய வாரம் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். எங்கள் பிள்ளைகள் ஆடுவதே கொஞ்சம் போட்டிகள்தான், ஆகவே நல்லதும் கெட்டதும் சேர்ந்தே நிற்கும். ஒரே ஆட்டத்திறன் உள்ள இரண்டு பேரில் ஊரைப் பொறுத்து ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கீழே இருப்பவருக்கு அடுத்த மேல்படிப் போட்டியில் நேரடி இடம் கிடைக்காது. மறுபடியும் தகுதிச் சுற்று, மறுபடியும் வெள்ளி இரவு ரயில்.

எங்கள் பக்கம் கோர்ட்டே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கிளப்புகளில் இருக்கிறது, சில கல்லூரிகளில் இருக்கிறது. பிள்ளைகள் ஆடும் ஒரு கிளப்பில் மாலை ஐந்தரை மணிக்கு என்ன நடக்கும் என்று பார்த்தால் நிலைமை விளங்கும். பள்ளி விட்டு வந்து, ஷூ மாட்டி, வார்ம்-அப் முடித்து, பத்து சர்வ் போட்டிருப்பார்கள். மெம்பர்கள் வந்துவிடுவார்கள். கூடையில் பந்தைப் பொறுக்கிக்கொண்டு பிள்ளைகள் ஓரமாகப் போய்ச் சுவரில் அடிக்க வேண்டியதுதான். மெம்பர்கள் மேல் தப்பில்லை, சந்தா கட்டுபவர்கள் அவர்கள். பொதுக் கோர்ட் இல்லாததுதான் குறை.

"டென்னிஸ் பணக்காரர் விளையாட்டு, இதற்கு அரசுப் பணம் எதற்கு?" என்று கேட்கப்படலாம். கேட்டும் இருக்கிறார்கள். ராக்கெட், நரம்பு, ஷூ, மூன்று பந்து கொண்ட டப்பா எல்லாம் செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓராண்டுக் கணக்கை எழுதிப் பார்த்தால் எங்களுக்குப் பெரிய செலவு ராக்கெட் இல்லை. பயணமும் லாட்ஜும்தான். அரசு தலையிட்டால் குறைவதும் அந்தச் செலவுதான். பணக்காரர் விளையாட்டாக அது நீடிப்பதற்குக் காரணமே பொது இடத்தில் அது இல்லாததுதான் என்பது எங்கள் எண்ணம்.

"அவ்வளவு தூரத்தில் போட்டி வைத்தால் யார் வருவார்கள்?" என்பது அடுத்த கேள்வி. புள்ளி தேடுகிறவர்கள் எங்கிருந்தாலும் வருவார்கள். நாகர்கோவிலில் வைத்தால் திருவனந்தபுரத்துப் பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம். சென்னைப் பிள்ளைகளும் வரட்டும். அவர்களும் ஒரு தடவை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து பார்க்கட்டும்.

சென்னைக்கு வெளியே ஆட்டக்காரர் உருவாக மாட்டார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1998 ஆஸ்திரேலிய ஓபனில் முதன்மைச் சுற்று ஆட்டம் ஒன்றை வென்ற நிருபமா வைத்தியநாதன் கோவைக்காரர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரோஹன் போபண்ணாவோடு இரட்டையர் ஆடிய ஸ்ரீராம் பாலாஜியும் கோவைக்காரர். அதற்கும் முன்னால் போனால், 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்று, 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது எங்கள் நாகர்கோவிலில். அவருக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தது அவருடைய அப்பா. எல்லா வீட்டிலும் அப்படி ஓர் அப்பா இருக்க மாட்டார்.

கோர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் அளவு தப்பினால் பிறகு போட்டி நடத்த உதவாது. கோடு போட்ட ஆடுகளம் 23.77 மீட்டர் நீளம், இரட்டையருக்கு 10.97 மீட்டர் அகலம். ஆனால் பின்னால் ஓடவும் பக்கவாட்டில் ஓடவும் இடம் சேர்த்து ஒரு கோர்ட்டுக்கு 36.57 மீட்டருக்கு 18.29 மீட்டர் வேண்டும். கோட்டை ஒட்டிக் கம்பி வேலி போட்டால் தலைக்கு மேலே உயர்த்தி லாப் அடித்த பந்தை எடுக்கப் போகிற பிள்ளை வேலியில் மோதும். வடக்கு தெற்காக அமைக்க வேண்டும், இல்லையென்றால் காலை, மாலை இரு வேளையும் ஒருவர் கண்ணில் வெயில். ஏன் நான்கு கோர்ட்டுகள்? ஆண், பெண் இரு பிரிவிலும் 32 பேர் என்றால் முதல் சுற்றில் மொத்தம் 32 ஆட்டங்கள். இரண்டு கோர்ட்டில் ஒன்றுக்கு 16 ஆட்டம் வரும், ஒரு நாளில் நடக்காது. நான்கு இருந்தால் எட்டெட்டு. காலை ஏழுக்குத் தொடங்கி விளக்கு வெளிச்சத்தில் முடித்துவிடலாம். விளக்கை நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான். போட்டி இல்லாத நாட்களில் பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

ஒப்பந்தத்தில் இன்னும் சிலவற்றைச் சேர்க்கலாம். போட்டி நடக்கும் வாரங்களை மூன்று மாதம் முன்பே அறிவித்தால் ரயிலில் முன்பதிவு செய்யலாம், பள்ளியிலும் விடுப்பு சொல்லலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் வேண்டாம். எங்கள் ஊர் உடற்கல்வி ஆசிரியர்களில் ஆர்வம் உள்ளவர்களுக்குச் சங்கம் நடுவர் பயிற்சியும் பயிற்றுநர் பயிற்சியும் கொடுத்தால், ஒவ்வொரு தடவையும் சென்னையிலிருந்து ஆளைக் கூட்டி வர வேண்டியதில்லை. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்து என்று வேகம் குறைந்த பந்துகள் இருக்கின்றன. சிவப்புப் பந்துக்குப் பதினோரு மீட்டர் நீளம் போதும், பள்ளியின் கூடைப்பந்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சின்ன வலை கட்டினால் ஆயிற்று. இதற்குப் பெரிய நிதியெல்லாம் ஆகாது.

பயணப்படி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வீரர்களுக்கு உதவ ஆணையம் நடத்தும் எலைட், மிம்ஸ், வெற்றியாளர் மேம்பாட்டுத் திட்டங்களை நாங்கள் அறிவோம். அவை சாதித்துவிட்டவர்களுக்கு, சாதிக்கப் போகிறார்கள் என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு. அதில் குறையில்லை. எங்கள் பிள்ளைகள் அதற்கு முந்தைய படியில் நிற்கிறார்கள். ரயிலில் விளையாட்டு வீரர்களுக்கு இருந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. எனவே, 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ரேங்கிங் போட்டியில் ஆடும் பிள்ளைக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ஸ்லீப்பர் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டுகிறோம். டிரா ஷீட்டில் (யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியலில்) பெயர் இருந்தால் அதையே ஆதாரமாக ஏற்கலாம். காலிறுதிக்கு வந்தால்தான், பதக்கம் வாங்கினால்தான் என்ற நிபந்தனை வேண்டாம். முதல் சுற்றில் தோற்கிற பிள்ளைக்கும் டிக்கெட் விலை ஒன்றுதான்.

இடம் பார்க்கத் தங்கள் அலுவலர்கள் வந்தால் எங்களில் சிலர் கூடவே இருந்து உதவத் தயார். போட்டி வாரங்களில் பந்து பொறுக்கவும், தண்ணீர் ஏற்பாடு செய்யவும், வெளியூர்ப் பிள்ளைகளைத் தங்க வைக்கவும் பெற்றோர்களாகிய நாங்கள் பொறுப்பேற்கிறோம். இதை எழுத்திலும் தருகிறோம். வரும் நிதியாண்டின் திட்ட மதிப்பீட்டில் இதைச் சேர்க்க ஆவன செய்யுமாறும், சங்கப் பிரதிநிதிகளோடு எங்களையும் ஒரு கூட்டத்துக்கு அழைக்குமாறும், இம்மனுவின் மீது எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டென்னிஸ் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர்கள்

இடம்: பாளையங்கோட்டை

இணைப்பு: பெற்றோர் கையொப்பப் பட்டியல், பிள்ளைகள் ஆடிய போட்டிகளின் டிரா ஷீட் நகல்கள், பயணச் சீட்டு நகல்கள்.

நகல்:
1. மாவட்ட ஆட்சித் தலைவர்கள், திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி.
2. செயலாளர், தமிழ்நாடு டென்னிஸ் சங்கம், சென்னை.