கழற்ற வரும்படி குழாய் போடு

மயிலாடுதுறை

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி இல்லாமலே காலண்டர் தேதி பார்க்கிறார்கள் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லோரும் சுகம். சம்பா அறுவடை முடிந்தது. அறுப்புக்கு முன்னாலேயே தெளித்த உளுந்து வயல் முழுக்கச் சீராகப் பிடித்திருக்கிறது. பெரியவள் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உன் கடல்மீன் தொட்டிக்கு வருகிறேன். பம்ப் ஓடுகிறது, சத்தம் பழையபடியே இருக்கிறது, ஆனால் மேலே வந்து விழும் தண்ணீர் பாதியாகிவிட்டது, பெரிய பம்ப் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. குழாய்க்குள் படிவு ஏறியிருக்கிறது. உள்விட்டம் 25 மில்லிமீட்டர் இருந்த பைப்பில் சுற்றிலும் இரண்டரை மில்லிமீட்டர் படிவு பிடித்தால் மிஞ்சுவது 20. அதே அளவு தண்ணீரை அதன் வழியே தள்ள உராய்வு ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். பெரிய பம்ப் அந்த அடைப்போடு முட்டிக்கொண்டு கரண்டைத்தான் தின்னும்; தண்ணீரையும் சூடாக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்தச் சூடு வேறு உன் கோமாளி மீன்களுக்கு வேண்டாம்.

படிவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். உன் கடிதத்திலேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, வற்றிய தண்ணீருக்கு ஈடாகப் போர் தண்ணீர் ஊற்றுகிறாய். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும். அதற்குப் பதிலாக நீ ஊற்றும் கடினத் தண்ணீர் ஒவ்வொரு குடத்தோடும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. தாங்கும் அளவைத் தாண்டியதும் அது எங்கே சூடு அதிகமோ அங்கே முதலில் படியும்: பம்பின் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழலி), ஹீட்டர், அவற்றை ஒட்டிய பைப். வேதாரண்யம் உப்பளத்தில் பார்த்திருப்பாயே, பாத்தியில் தண்ணீர் சுண்டும்போது முதலில் இறங்குவது சுண்ணாம்பு, அப்புறம் ஜிப்சம், அதற்குப் பிறகுதான் உப்பு. இனி வற்றியதற்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்று. கேன் தண்ணீர் என்றால், கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்று. சில கேன்களில் ருசிக்காக உப்புகளைத் திரும்பக் கலந்திருப்பார்கள்.

இரண்டாவது, தரங்கம்பாடியிலிருந்து கொண்டுவரும் கடல் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறாய். அந்தத் தண்ணீரில் கொட்டலசு, மட்டி, சுண்ணாம்புக் குழல் கட்டும் புழு எல்லாவற்றின் குஞ்சுகளும் கண்ணுக்குத் தெரியாமல் நீந்துகின்றன. அவற்றுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள ஒரு சுவரும், ஓடும் தண்ணீரும், கடித்துத் தின்ன மீன் வராத இடமும். உன் பைப் மூன்றையும் கொடுக்கிறது. கொண்டுவந்த தண்ணீரை மூடிய டிரம்மில், இருட்டில், சில வாரம் நிறுத்து. தெளிந்ததும் நெருக்கமான வடிதுணியில் வடித்து, உப்பளவு பார்த்து ஊற்று. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே போகவே போகாதே. ஆறுகளெல்லாம் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும் நாளில் கரையோரத் தண்ணீர் கலங்கலாகவும் உப்புக் குறைவாகவும் இருக்கும்.

வெளிச்சமும் ஒரு காரணம். கண்ணாடி மாதிரித் தெரியும் டியூபைத் தூக்கிப் போட்டுவிடு. உள்ளே பாசி வளர்வதற்கு அதைவிட வசதி வேண்டாம். மெல்லிய வெள்ளை பிவிசி கூடக் கொஞ்சம் வெளிச்சம் விடும். ஜன்னலோரம் போகும் பைப்பில் கறுப்பு டேப் சுற்று.

இப்போது சுத்தம் செய்வது. தொட்டியோடு இணைப்பில் இருக்கும்போது எந்த ஆசிடையும் உள்ளே விடாதே. பம்பையும் பைப்பையும் கழற்றி வெளியே கொண்டுவா. பைப்பில் அடைபட்டு நின்ற தண்ணீர் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஒரு சொட்டுக்கூடத் தொட்டிக்குள் திரும்பக்கூடாது. அது மீனைக் கொல்லும் வாயு. வாளியில் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பம்பை அதில் இறக்கி, பைப்பின் மறுமுனையும் அதே வாளியில் விழும்படி சுற்றவிடு. சுண்ணாம்பு கரையும்போது நுரை கிளம்பும். நுரை நின்றால் படிவு தீர்ந்திருக்கும், இல்லை வினிகர் செத்திருக்கும்; புது வினிகர் ஊற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கடையில் எலுமிச்சை உப்பு என்று கொடுப்பார்களே, அந்த சிட்ரிக் ஆசிடும் வேலை செய்யும். ஆனால் தடித்த படிவில் அதுவே வெள்ளையாக ஒரு பொருளை உண்டாக்கித் திரும்பப் படியவிடுவதால் எனக்கு வினிகர்தான் பிடிக்கும். கக்கூஸ் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். வழவழப்பான அழுக்குக்கு பிளீச்சிங் பவுடர் நல்லதுதான், ஆனால் வினிகர் பட்ட வாளியில் அதைப் போட்டுவிடாதே. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள், அதனால்தான் இத்தனை சொல்கிறேன்.

ஊறியதை நீளப் பிரஷ் விட்டு இழுத்து, நல்ல தண்ணீரில் ஓடவிட்டு அலசு. அன்றைக்கே சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே பம்ப் இருக்கும் சின்னத் தொட்டி) இருக்கும் பில்டர் பொருள்களையும் கழுவிவிடாதே. குழாய்ச் சுவரின் மெல்லிய ஏட்டிலும் நல்ல பாக்டீரியா உண்டு. இரண்டு இடத்திலும் ஒரே நாளில் கை வைத்தால் அம்மோனியா ஏறிவிடும். இருட்டுப் பைப்பில் கொஞ்சம் கடற்பஞ்சு வளர்ந்தால் எனக்குக் கவலை இல்லை, அதுவும் தண்ணீரை வடிகட்டத்தான் செய்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமானதைச் சொல்கிறேன். உன் குழாய் முழுக்க சால்வென்ட் பசை போட்டு ஒட்டப்பட்டது என்று எழுதியிருக்கிறாய். அறுக்காமல் அதைச் சுத்தம் செய்ய முடியாது. அறுத்துவிடு. பம்புக்கு மேலே ஒரு யூனியன் (திருகிக் கழற்றி மாட்டும் இணைப்பு), தொட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு யூனியன், நீண்ட ஓட்டத்துக்கு நடுவில் ஒன்று, பக்கத்தில் பால் வால்வு (உள்ளே பந்து சுழன்று மூடும் வால்வு). எல்போ இருக்கும் இடத்தில் முடிந்தால் சாய்வான வளைவு போடு. நேர் மூலையில்தான் கசடு தங்கும். மாதம் ஒருமுறை பால் வால்வை மூடித் திற, இல்லாவிட்டால் உள்ளே சுண்ணாம்பு கட்டி இறுகிவிடும். யூனியனுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் (ஓ-ரிங்) சிலிக்கான் கிரீஸ் தடவு, வாசலின் சில ரப்பர்களை ஊதவைக்கும். பம்பை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் பைப்பை வருஷத்துக்கு ஒருமுறையும் கழற்று. மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கும் என்றால் அதற்கு முன்னாலேயே வாய்க்காலைத் தூர் வாரிவிட வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று தெரிந்த பிறகு மண்வெட்டி தேடினால் பயிர் காய்ந்துபோகும். உன் தொட்டியில் மூலையில் இருக்கும் அனிமோன் என்கிற கடல் சாமந்திதான் கடைமடை.

ஒரு விஷயம் விட்டுப்போகிறது. தொட்டி அலங்காரத்துக்குப் பவளப்பாறைத் துண்டு யாராவது கொண்டுவந்து விற்றால் வாங்காதே. கல் பவளங்கள் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பவை.

பங்குனியில் உங்கள் ஊருக்கு வரும்போது நீளப் பிரஷ்ஷும் இரண்டு யூனியனும் எடுத்து வருகிறேன், உட்கார்ந்து சேர்த்துப் போட்டுவிடலாம். அதுவரை காத்திருக்காமல் ஒன்றை மட்டும் இன்றைக்கே பார். தொட்டிக்குத் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவரும் ரிட்டர்ன் பைப்பில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் பைப் வழியே கீழே இறங்கும். மட்டம் குறைந்ததும் அந்த ஓட்டை காற்றை உறிஞ்சி இறக்கத்தை நிறுத்தும். பாசியோ புழுக்கூடோ அதை அடைத்திருந்தால் சம்ப் வழிந்து தரையெல்லாம் உப்புத் தண்ணீர். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வு இருக்கிறது என்று இருந்துவிடாதே, அதன் நாக்கில் ஒரு சிப்பித் துணுக்கு சிக்கினாலே அது மூடாது. கஜா வந்த 2018 நவம்பரில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று உனக்குத் தெரியும். ஓட்டையைக் குச்சியால் குத்திவிட்டு, பம்ப் சுவிட்சை அணைத்து, தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்து எனக்கு எழுது.

உன் அன்பு
மாப்ளை