தண்ணீர்மலைப் பாறையும் கடலோரக் களிமண்ணும்: பினாங்கு மாநகர் மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்றத்தாருக்கு வணக்கம்.

2004 டிசம்பர் 26, காலை 9 மணி. சுமத்ராவை ஒட்டிய கடலடியில் பெரும் நிலநடுக்கம். ஜெலுத்தோங்கில் எங்கள் பன்னிரண்டாம் மாடி வீட்டில் அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தார். தூக்குவிளக்கு மெல்ல இடமும் வலமுமாக ஆடியது. செம்பிலிருந்த நீர் தளும்பித் தட்டில் சிந்தியது. தண்ணீர்மலை அடிவாரத்தில் தரைவீட்டிலிருந்த அத்தைக்கோ எதுவும் தெரியவில்லை. மாடியின் உயரம் ஒரு காரணம். மண் இன்னொரு காரணம். இந்த மடல் அதைப் பற்றியதுதான்.

தைப்பூச ரதம் புறப்படும் இடத்தில் கீழே இருப்பது கடல் களிமண். சென்று சேரும் தண்ணீர்மலையில் கருங்கல். அடித்தளப் பொறியாளனாகிய நான் அந்தக் களிமண்ணைக் கையில் ஏந்தியவன். நிலத்தடி மண்ணை எடுத்துவரும் மாதிரிக் குழாயிலிருந்து சாம்பல் நிறத்தில், சிப்பித் துண்டுகளோடு வெளியே வரும். கட்டை விரலை வைத்து அழுத்தினால் நகம் முழுக்கப் புதையும். அதன்மேல் எழும் கட்டடத்தை இன்னும் பலர் பாறையில் அறைந்தது போலவே கணக்கிடுகிறார்கள்.

நிலம் அதிரும்போது கட்டடமும் மண்ணைத் திருப்பி அசைக்கிறது. மண் நெகிழ்ந்து கொடுப்பதால் கட்டடத்தின் ஆட்டம் நிதானமாகிறது. அப்படியானால் விசை குறையும், நல்லதுதானே என்பார்கள். ஆனால் 2004 சுமத்ரா நடுக்கத்தின் மையம் நமக்கு 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அவ்வளவு தூரத்தில் வேக அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும். வந்து சேர்வது நிதானமான அலைகளே. 40 மீட்டர் ஆழக் களிமண்ணில் குறுக்கலை (மண்ணைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் அலை) நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் சென்றால், அந்த மண் இயல்பாக ஒருமுறை ஆடி முடிக்க 1.6 நொடி ஆகும். பதினாறு மாடிக் கட்டடத்தின் ஆட்டமும் ஏறத்தாழ அவ்வளவே. இரண்டும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும். 1985-இல் மெக்சிகோ நகரம், 350 கிலோமீட்டருக்கும் அப்பால் நிகழ்ந்த நடுக்கத்தில் சிதைந்தது இப்படித்தான்: பழைய ஏரிப்படுகைக் களிமண்ணின் மேல் நின்ற நடுத்தர உயரக் கட்டடங்களே அதிகம் விழுந்தன.

இதைக் கணினியில் கணக்கிட வழி உண்டு. ஆனால் மண்ணை எங்கோ ஓர் இடத்தில் வெட்டித்தான் கணினி மாதிரியை அமைக்க முடியும். தொட்டியில் கல்லெறிந்தால் அலை சுவரில் மோதித் திரும்பும், கடலில் திரும்பாது. வெட்டிய விளிம்பு அலையை விழுங்க வேண்டும். அதற்காக விளிம்பில் வைக்கும், அலையின் ஆற்றலை உறிஞ்சும் தணிப்பான்களை லைஸ்மர், குலெமையர் என்ற ஆய்வாளர்கள் 1969-லேயே வகுத்துவிட்டார்கள். கண்ணியின் அளவும், அதாவது கணினி மாதிரியில் மண்ணைப் பிரிக்கும் சிறு கட்டங்களின் அளவும், முக்கியம். அதே களிமண்ணில் நொடிக்கு 5 முறை அதிரும் அலையின் நீளம் 20 மீட்டர். கண்ணி 2 மீட்டரைத் தாண்டக் கூடாது. நான் பார்த்த ஓர் அறிக்கையில் 8 மீட்டர் இருந்தது. அந்த அலை கணக்குக்குள்ளேயே தொலைந்துபோயிருக்கும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மிக மென்மையான மண்ணில் நிற்கும் கட்டடங்களுக்கு மண்ணையும் கட்டடத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று ஐரோப்பிய நிலநடுக்க வடிவமைப்பு விதிநூலான யூரோகோட் 8-இன் ஐந்தாம் பகுதி சொல்கிறது. கடலோரக் களிமண்ணிலும் கடலைத் தூர்த்த நிலத்திலும் எழும் ஒவ்வோர் அடுக்குமாடிக்கும் இதைக் கட்டாயமாக்குங்கள். குறுக்கலை வேகத்தைக் களத்தில் அளந்தார்களா, விளிம்பை எப்படி அமைத்தார்கள், கண்ணி எத்தனை மீட்டர், மண்ணைச் சேர்த்தபோதும் சேர்க்காதபோதும் விடை என்ன: இவற்றை ஒரே பக்கத்தில் கேளுங்கள். மென்மண்ணும் கெட்டிமண்ணும் சந்திக்கும் ஆழத்தில் பைல்கள் (கட்டடத்தைத் தாங்க மண்ணில் இறக்கும் தூண்கள்) எவ்வளவு வளைகின்றன என்பதையும் கேளுங்கள். வரைந்தவரே சரிபார்க்காமல் வேறொரு பொறியாளர் பார்க்கட்டும்.

அழைத்தால் மாதிரிக் குழாயோடு வருகிறேன். நீங்களும் ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள்.

பணிவுடன்,
ஜெலுத்தோங்வாசி, அடித்தளப் பொறியாளன்